சந்தை இறங்கியிருக்கிறது, கடன் வாங்கிப் பங்கு வாங்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

குறியீடு பத்து, பதினைந்து சதவிகிதம் இறங்கினாலே வருகிற கடிதங்களில் ஒரே கேள்விதான் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது: ‘விலை மலிவாக இருக்கிறது, கையில் பணமில்லை, கடன் வாங்கிப் போடலாமா?’ இந்த முறை அந்தக் கேள்விகள் மட்டும். கணக்குகளில் வரும் வட்டி விகிதங்கள் உதாரணத்துக்கானவை. உங்கள் வங்கியோ புரோக்கரோ சொல்லும் விகிதத்தைப் போட்டு மறுபடி கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

ஐயா, நான் தபால் துறையில் வேலை பார்க்கிறேன். சம்பளக் கணக்கு உள்ள வங்கி 14 சதவிகித வட்டியில் 5 லட்சம் தனிநபர் கடன் தருகிறது. ஐந்து வருடத்தில் அடைக்கலாம். சந்தை எப்படியும் திரும்பிவிடும் என்பதால் மொத்தத்தையும் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டுவிட நினைக்கிறேன். சரியாக வருமா?
– வாசகர், விருதுநகர்

தனிப் பங்கு பக்கம் போகாமல், குறியீட்டில் உள்ள எல்லாப் பங்குகளையும் சேர்த்து வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்டைத் தேர்ந்தெடுத்தீர்களே, அதற்கு முதலில் ஒரு சபாஷ். ஆனால் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது.

5 லட்சம், 14 சதவிகிதம், 60 மாதம் என்றால் மாதத் தவணை 11,634 ரூபாய். ஐந்து வருடத்தில் நீங்கள் கட்டுவது சுமார் 6,98,000. வட்டி மட்டும் 1,98,000. பிராசஸிங் கட்டணம் 2 சதவிகிதம், அதன் மேல் 18 சதவிகித ஜிஎஸ்டி என்று வைத்தால் 11,800 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். கைக்கு வருவது 4,88,200தான். வட்டி மட்டும் முழு 5 லட்சத்துக்கும் ஓடும்.

பலரும் இங்கே செய்யும் தவறு, ‘சந்தை ஐந்து வருடத்தில் 1,98,000-க்கு மேல் ஏறினால் லாபம்தானே’ என்று நினைப்பது. அந்த 11,634 ரூபாய் உங்கள் சம்பளத்திலிருந்துதான் மாதாமாதம் போகப்போகிறது. கடனே வாங்காமல் அதே 11,634-ஐ அதே ஃபண்டில் எஸ்ஐபி-யாக, அதாவது மாதாமாதம் தவணை முறையில் போட்டால் என்ன ஆகும் என்பதோடுதான் ஒப்பிட வேண்டும்.

சந்தை வருடத்துக்கு 12 சதவிகிதம் கொடுத்தால், மொத்தமாகப் போட்ட 4,88,200 ஐந்து வருட முடிவில் சுமார் 8.60 லட்சமாகும். எஸ்ஐபி சுமார் 9.35 லட்சமாகும். கடன் வாங்கியவர் 75 ஆயிரம் ரூபாய் பின்தங்கி நிற்கிறார். சீராக ஏறும் சந்தையில் கடன் எஸ்ஐபி-யை முந்த வேண்டுமானால் வருடத்துக்கு 16 சதவிகிதத்துக்கு மேல் வருமானம் வர வேண்டும். உங்கள் கடனின் உண்மையான விலை, கட்டணமும் மாதாந்திரக் கூட்டுவட்டியும் சேர்ந்து, அதுதான். சந்தை இன்னும் கொஞ்சம் கீழே போய்ப் பிறகு ஏறினாலும் எஸ்ஐபி-க்கே லாபம், கீழே இருக்கும் மாதங்களில் அதிக யூனிட் கிடைக்கும். நீங்கள் கடன் வாங்கிய வாரமே அடிமட்டமாக இருந்து, அங்கிருந்து ஒரே பாய்ச்சலாக ஏறினால் மட்டும்தான் கடன் ஜெயிக்கும். அந்த வாரத்தை முன்கூட்டியே அறிந்து சொல்பவர் யாருமில்லை.

இன்னொன்று, உங்கள் வேலை சம்பந்தப்பட்டது. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 16-வது விதி, பங்குகளில் சூதாட்ட வியாபாரம் செய்யக் கூடாது என்கிறது. அடிக்கடி வாங்கி விற்பதையே சூதாட்டமாகக் கருதலாம் என்று விளக்கமும் அதிலேயே இருக்கிறது. எப்போதாவது செய்யும் முதலீட்டுக்குத் தடையில்லை. ஒரு காலண்டர் வருடத்தில் பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் பரிவர்த்தனைகள் ஆறு மாத அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டினால் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 5 லட்சம் ஒரே தடவையில் போட்டால் அந்த வரம்பு உங்களுக்குத் தாண்டக்கூடும். கடன் படிவத்தில் ‘பயன்பாடு’ என்ற இடத்தையும் படித்துப் பாருங்கள். ஊக வணிகத்துக்குப் பயன்படுத்த மாட்டேன் என்ற உறுதிமொழி பல வங்கிகளின் படிவத்தில் உண்டு.

அப்படியும் செய்தே தீருவேன் என்றால்: இருக்கிற எல்லாத் தவணைகளும் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஆறு மாதத் தவணைக்கான 70,000 ரூபாயை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். அது பங்கில் போகக் கூடாது, ஃபிக்ஸட் டெபாசிட்டிலோ சேமிப்புக் கணக்கிலோ இருக்கட்டும். முன்கூட்டி அடைத்தால் என்ன கட்டணம் என்று எழுத்தில் கேளுங்கள். தனிநபர் கடன்கள் பெரும்பாலும் நிலையான வட்டியில் இருப்பதால் அந்தக் கட்டணம் இருக்க வாய்ப்பு அதிகம்.

2008-லும் 2020-லும் துணிந்து கடன் வாங்கிப் போட்டவர்கள்தானே இன்றைக்குப் பணக்காரர்கள்? பயந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நீங்கள் ஏன் எப்போதும் பயமுறுத்துகிறீர்கள்?
– கல்லூரி மாணவர், சென்னை

தேதிகளை வைத்துப் பார்ப்போம். 2008 ஜனவரி 8 அன்று சென்செக்ஸ் 20,873-ல் முடிந்தது. மார்ச் 17 அன்று 14,809. இரண்டே மாதத்தில் 29 சதவிகிதச் சரிவு. இதைவிட மலிவாக எப்போது கிடைக்கும் என்று எவருக்கும் தோன்றியிருக்கும். அன்றைக்கு ஒருவர் சொந்தப் பணம் 1 லட்சமும் 15 சதவிகிதக் கடன் 1 லட்சமும் சேர்த்துக் குறியீட்டுக்கு இணையாக 2 லட்சம் போட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2009 மார்ச் 9 அன்று சென்செக்ஸ் 8,160. அவருடைய 2 லட்சம் 1,10,000 ஆகியிருக்கும். கடன் வட்டியோடு 1,15,000 ஆகியிருக்கும். அதாவது எல்லாவற்றையும் விற்றாலும் 5,000 ரூபாய் பாக்கி.

அதே சென்செக்ஸ் 2009 ஜூனில் 15,000-ஐத் தாண்டியது. 2010 நவம்பரில் தீபாவளி முகூர்த்த வர்த்தகத்தில் 21,000-ஐத் தொட்டது. சொந்தப் பணத்தில் வாங்கியவர் பதினைந்து மாதம் பேப்பரைப் பார்க்காமல் இருந்திருந்தாலே போதும். கடன் வாங்கியவருக்கு அந்தப் பதினைந்து மாதம் கிடைக்கவில்லை. அவர் கணித்தது சரி, சந்தை திரும்பியது. திரும்பும்போது அவர் கையில் பங்கு இல்லை. கடனில் வாங்குவதன் முழுச் சிக்கலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது: எப்போது விற்பது என்ற முடிவு உங்கள் கையைவிட்டுக் கடன் கொடுத்தவர் கைக்குப் போய்விடுகிறது.

2020 வேறு மாதிரி. ஜனவரி 20 அன்று 12,430-ஐத் தொட்ட நிஃப்டி மார்ச் 24 அன்று 7,511 வரை இறங்கி, நவம்பரிலேயே பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. அத்தனை வேகமான மீட்சி விதிவிலக்கு. அதைப் பார்த்துப் பழகிய ஒரு தலைமுறை எல்லாச் சரிவும் எட்டு மாதத்தில் முடியும் என்று நம்புகிறது. அப்போதும் சலுகை ஒரு பக்கத்துக்குத்தான் கிடைத்தது. வங்கிக் கடன் தவணைகளைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரை அனுமதித்தது. புரோக்கரிடம் மார்ஜினில், அதாவது கொஞ்சம் சொந்தப் பணமும் மிச்சம் அவர் தந்த கடனுமாக வாங்கியவர்களுக்கு அந்தச் சலுகை பொருந்தவில்லை. மார்ச் 23 அன்று சென்செக்ஸ் 3,934 புள்ளி விழுந்தது. காலையிலேயே, 10 சதவிகிதம் இறங்கினால் சந்தையை நிறுத்திவைக்கும் சர்க்யூட் விழுந்து 45 நிமிடம் வர்த்தகமே நின்றது. விற்க நினைத்தவரும் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது.

ஜப்பானையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். 1989 டிசம்பர் 29 அன்று 38,915-ல் முடிந்த நிக்கேய் குறியீடு, அந்த அளவை மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரியில்.

இதெல்லாம் குறியீட்டுக் கதை. தனிப் பங்கு என்றால் ‘திரும்பும்’ என்ற உத்தரவாதமே கிடையாது. 2008 ஜனவரியில் சந்தையின் செல்லப்பிள்ளைகளாக இருந்த யூனிடெக், சுஸ்லான், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் எதுவும் அந்த விலையை மறுபடி பார்க்கவில்லை. 2018 ஆகஸ்ட்டில் 400 ரூபாயைத் தொட்ட யெஸ் பேங்க் பங்கு 2020 மார்ச் 6 அன்று 20 ரூபாய்க்கும் கீழே முடிந்தது. பிறகு வந்த மறுசீரமைப்புத் திட்டத்தில், 100 பங்குக்கு மேல் வைத்திருந்தவர்களின் பங்குகளில் 75 சதவிகிதத்தை மூன்று வருடத்துக்கு விற்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். கடன் வாங்கி, விலை இறங்க இறங்க மேலும் வாங்கி ‘ஆவரேஜ்’ செய்துகொண்டே போனவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். பங்கு பூட்டிக் கிடக்கும், தவணை பூட்டிக் கிடக்காது.

என் டிரேடிங் ஆப்பில் ‘4 மடங்கு வரை வாங்கலாம்’ என்று எம்டிஎஃப் (புரோக்கர் தரும் கடனில் பங்கு வாங்கும்) வசதி காட்டுகிறது. 1 லட்சம் இருந்தால் 4 லட்சத்துக்குப் பங்கு. வட்டி ஒரு நாளைக்கு நூறு ரூபாய் சொச்சம்தான் வருகிறது. சரிவு நேரத்தில் இதைப் பயன்படுத்தலாமா? மார்ஜின் கால் என்றால் உண்மையில் என்ன நடக்கும்?
– மென்பொருள் ஊழியர், கோயம்புத்தூர்

விரிவாகச் சொல்ல வேண்டிய கேள்வி, ஏனென்றால் வட்டியை நாள் கணக்கில் காட்டுவதே ஒரு வியாபாரத் தந்திரம். 3 லட்சத்துக்கு 15 சதவிகிதம் என்றால் நாளைக்கு 123 ரூபாய். டீக்கடைக் கணக்கு மாதிரித் தெரியும். வருடத்துக்கு 45,000. உங்கள் சொந்த 1 லட்சத்தின் மேல் பார்த்தால் 45 சதவிகிதம். 4 லட்சத்துப் பங்கு வருடத்துக்கு 11.25 சதவிகிதம் ஏறினால்தான் நீங்கள் போட்ட இடத்திலேயே நிற்பீர்கள். சனி, ஞாயிறு, பொங்கல் விடுமுறை எல்லா நாளுக்கும் வட்டி உண்டு. தரகு, பங்கை அடமானம் வைக்கும் பிளெட்ஜ் கட்டணம், விற்கும்போது அதை விடுவிக்கும் அன்பிளெட்ஜ் கட்டணம் தனி.

இனி மார்ஜின் கால், அதாவது உங்கள் பணம் தேவையைவிடக் குறைந்துவிட்டது, இன்னும் போடுங்கள் என்று புரோக்கர் கேட்பது. பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியின் விதிப்படி எம்டிஎஃப், அதிகம் கைமாறும் குரூப் 1 பங்குகளுக்கும், பங்கு போலவே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டுகளான ஈக்விட்டி இடிஎஃப்-களுக்கும்தான். எஃப் அண்டு ஓ எனப்படும் முன்பேர ஒப்பந்த வர்த்தகத்தில் இருக்கும் பங்கு என்றால் வாஆர் எனப்படும் அடிப்படை மார்ஜினோடு ஈஎல்எம் எனப்படும் கூடுதல் மார்ஜினின் 3 மடங்கைச் சேர்த்து உங்கள் தரப்பில் வைக்க வேண்டும். மற்ற பங்குகளுக்கு 5 மடங்கு. ஆப் காட்டும் ‘4 மடங்கு’, ‘3 மடங்கு’ எல்லாம் இதிலிருந்து வருவதுதான். புரோக்கர் இதைவிட அதிகமாகவும் கேட்கலாம்.

நீங்கள் வாங்கிய பங்குக்கு 25 சதவிகித மார்ஜின் தேவை என்று வைப்போம். 4 லட்சத்துப் பங்கு 10 சதவிகிதம் விழுந்து 3,60,000 ஆகிறது. கடன் 3 லட்சம் அப்படியே இருக்கிறது. உங்கள் பணம் 60,000. தேவையோ 3,60,000-ல் 25 சதவிகிதம், அதாவது 90,000. பற்றாக்குறை 30,000 ரூபாய். எஸ்எம்எஸ் வரும், மெயில் வரும். பணம் போட்டால் பிரச்சினை இல்லை. போடாவிட்டால் 30,000-க்கு மட்டும் விற்பார்கள் என்றுதான் பலரும் நினைத்திருக்கிறார்கள். அப்படி விற்றால் கணக்கு சரியாகாது. பங்கை விற்று வரும் பணம் கடனுக்குப் போக, கடனும் பங்கும் ஒரே அளவில் குறைகின்றன. விகிதம் மறுபடி 25-க்கு வர 1,20,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். வெறும் 10 சதவிகிதச் சரிவில் உங்கள் பங்குகளில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, அதுவும் அன்றைய மட்டமான விலையில்.

இது அமைதியான நாளின் கணக்கு. வாஆர் என்பது பங்கின் ஏற்ற இறக்கத்தை வைத்துக் கணக்கிடுவது. சந்தை ஆட ஆட அதுவும் ஏறும். அதே வாரத்தில் தேவை 25-லிருந்து 35 சதவிகிதமானால், பற்றாக்குறை 66,000 ஆகும். விற்க வேண்டியது ஏறக்குறைய 1,88,600, அதாவது பாதிக்கு மேல். விலையும் இறங்கும், தேவையும் ஏறும். இரண்டும் ஒரே நாளில் வருவதுதான் சரிவின் இயல்பு. பங்கு 25 சதவிகிதம் இறங்கினால் வட்டியைச் சேர்க்காமலே உங்கள் 1 லட்சம் பூஜ்யம். அதற்கும் கீழே இடைவெளி விட்டுத் திறந்தால் புரோக்கருக்கு நீங்கள் பாக்கிதாரர்.

வேறு என்னென்ன தவறும்?   உங்கள் பங்கு எம்டிஎஃப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டால் முழுப் பணத்தையும் கட்டச் சொல்வார்கள். எஃப் அண்டு ஓ-வில் இல்லாத பங்குகளுக்கு விலை வரம்பு உண்டு. அன்றைய கீழ்வரம்பான 5 சதவிகித லோயர் சர்க்யூட்டில் தொடர்ந்து நாலு நாள் பூட்டினால் வாங்க ஆளிருக்காது. விற்கவும் முடியாது, வட்டியும் நிற்காது.

‘நான் ஸ்டாப் லாஸ் போடுவேன், குறித்த விலைக்கு இறங்கினால் தானாக விற்றுவிடும்’ என்பீர்கள். போடுங்கள், நல்லதுதான். ஆனால் சரிவில் வாங்குபவர் நீண்ட காலம் வைத்திருக்கத்தான் வாங்குகிறார். ஸ்டாப் லாஸ் போட்டு நீண்ட காலம் வைத்திருக்க முடியாது. இரண்டில் எது உங்கள் திட்டம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பயன்படுத்தியே ஆக வேண்டுமானால் 4 மடங்கை மறந்துவிடுங்கள். 1 லட்சத்துக்கு 25,000-க்கு மேல் கடன் வேண்டாம். அந்த அளவில் 25 சதவிகிதத் தேவை என்றால், பங்கு 70 சதவிகிதத்துக்கு மேல் விழுந்தால்தான் மார்ஜின் கால் வரும். அதற்குள் தூக்கம் கெடாது.

வீட்டில் 12 பவுன் நகை சும்மா லாக்கரில் கிடக்கிறது. தங்கம் விலை ஏறியிருக்கிறது, பங்கு விலை இறங்கியிருக்கிறது. நகையை விற்க மனமில்லை. அடகு வைத்து 4 லட்சம் வாங்கிப் பங்கில் போட்டால் வருடக் கடைசியில் மீட்டுவிடலாம் அல்லவா? சொசைட்டியில் விவசாய நகைக்கடன் என்றால் வட்டி இன்னும் குறைவு என்கிறார்கள்.
– இல்லத்தரசி, கும்பகோணம்

அம்மா, இரண்டாவதை முதலில் முடித்துவிடுவோம். விவசாய நகைக்கடனுக்கு வட்டி குறைவது அரசு மானியத்தால். அதை வாங்கிப் பங்கில் போட்டால் கடன் நோக்கத்தை மீறியதாகும். தணிக்கையில் தெரிந்தால் மானியத்தைத் திரும்பப் பெறலாம், கடனையே உடனடியாகக் கட்டச் சொல்லலாம். வேண்டவே வேண்டாம்.

சாதாரண நகைக்கடனில் சிக்கல் வட்டியைவிடத் தேதியில் இருக்கிறது. மொத்தமாகத் திருப்பிக் கட்டும் நகைக்கடனுக்கு 12 மாதம்தான் கெடு. 9.5 சதவிகிதம் என்றால் வருடக் கடைசியில் 4,38,000 ரூபாய் ஒரே நாளில் வேண்டும். வட்டியை மட்டுமாவது கட்டினால்தான் புதுப்பிக்க முடியும், அதற்கு 38,000 ரொக்கம் தேவை. அந்த நாளில் உங்கள் பங்கு 2.8 லட்சமாக இருந்தால் எதை விற்று எதை மீட்பீர்கள்? 2008-ல் சரிவு பதினான்கு மாதம் நீடித்தது என்று மேலே பார்த்தோம். உங்கள் கெடு பன்னிரண்டு மாதம்.

கடன் வரம்பையும் தெரிந்துகொள்ளுங்கள். 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, வீட்டுச் செலவுக்கான நகைக்கடனில் இரண்டரை லட்சம் வரை நகை மதிப்பில் 85 சதவிகிதமும், 5 லட்சம் வரை 80 சதவிகிதமும், அதற்கு மேல் 75 சதவிகிதமும்தான் தரலாம். மொத்தமாகக் கட்டும் கடனில், வருடக் கடைசியில் சேரும் வட்டியையும் சேர்த்துத்தான் இந்த விகிதம். வரம்பு இருக்கிறதே என்று முழுவதும் வாங்காதீர்கள். 2013 ஏப்ரலில் இரண்டே வர்த்தக நாளில் உலகச் சந்தையில் தங்கம் 13 சதவிகிதம் போல விழுந்தது. விளிம்பு வரை வாங்கியிருந்தால் அப்படி ஒரு வாரத்திலேயே கூடப் பணம் கேட்டுக் கடிதம் வந்துவிடும்.

நகை மீட்கும் பணம் பங்குச் சந்தையைத் தவிர வேறு வழியில் வரும் என்றால் மட்டும் யோசியுங்கள். உதாரணமாக, அடுத்த ஆடிக்குள் முதிர்வாகும் ஆர்டி, வரவேண்டிய சீட்டுப் பணம். அப்போதும் அந்தத் தொகைக்குள் மட்டுமே கடன். இல்லையென்றால் மாதம் 5,000 என்று எஸ்ஐபி போடுங்கள், நகை லாக்கரிலேயே இருக்கட்டும். அது சும்மா கிடக்கவில்லை, நாளைக்கு ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அரை மணி நேரத்தில் பணமாகும் ஒரே சொத்து அதுதான்.

ஓய்வுபெற்றவன், வயது 68. 20 லட்சத்துக்குப் பங்குகள் வைத்திருக்கிறேன். விற்காமல் அவற்றை அடமானம் வைத்து 10 லட்சம் ஓவர்டிராஃப்ட் எடுத்து, இதே சரிவில் இன்னும் பங்குகள் வாங்கலாமா? ஃபிக்ஸட் டெபாசிட் 12 லட்சம் தனியாக இருக்கிறது.
– வாசகர், மதுரை

ஓவர்டிராஃப்ட்டில், அனுமதித்த வரம்புக்குள் நீங்கள் எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி என்பது இதன் நல்ல பக்கம். கெட்ட பக்கம், அடமானமும் அதை வைத்து வாங்கியதும் ஒரே படகில் இருக்கின்றன.

வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள் பங்கின் மதிப்பில் 50 சதவிகிதம் வரைதான் கடன் தரலாம். 20 லட்சத்துக்கு 10 லட்சம். நீங்கள் விளிம்பில்தான் தொடங்குகிறீர்கள். சந்தை 30 சதவிகிதம் இறங்கினால் அடமானம் 14 லட்சம், வரம்பு 7 லட்சம். 3 லட்சத்தை ஏழு வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். புதிதாக வாங்கியது அப்போது 7 லட்சமாகத் தேய்ந்திருக்கும், அதிலிருந்துதான் எடுத்து விற்பீர்கள். மொத்தச் சொத்து 21 லட்சத்தில் கடன் 10 போக 11. சந்தை 30 சதவிகிதம் இறங்க, உங்கள் சொந்தப் பணம் 45 சதவிகிதம் இறங்கியிருக்கிறது.

உங்களுக்குக் கடன் தேவையே இல்லை, ஐயா. 12 லட்சம் டெபாசிட் இருக்கிறதே. இரண்டு வருட வீட்டுச் செலவையும் மருத்துவச் செலவையும் அதில் ஒதுக்கிவிட்டு, மிச்சம் இருப்பதில் ஒரு பகுதியை ஐந்தாறு மாதங்களில் பிரித்துப் போடுங்கள். டெபாசிட்டை முன்கூட்டி எடுத்தால் வங்கியைப் பொறுத்து அரை முதல் 1 சதவிகிதம் வரை வட்டி குறையும். 10 சதவிகிதத்துக்கு மேல் வட்டி கட்டுவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. 7 சதவிகிதத்தில் பணத்தை வங்கியில் தூங்கவிட்டு, அதைவிட அதிக வட்டிக்கு வெளியே கடன் வாங்குவது நம் ஊரில் நிறையப் பேர் செய்யும் வேலைதான். ‘டெபாசிட்டைத் தொடக் கூடாது’ என்ற பழைய பிடிவாதம். பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்ட் யூனிட் மீதான கடனிலும் இதே ஆபத்துதான்.

பங்கு வாங்க எடுத்த கடனின் வட்டியை வருமான வரியில் கழிக்க முடியுமா?
– ஜவுளி வியாபாரி, ஈரோடு

டிவிடெண்ட் வருமானத்துக்கு எதிராக, அந்த டிவிடெண்டில் 20 சதவிகிதம் வரை மட்டும் கழிக்க 2020-21 நிதியாண்டு முதல் இடமிருந்தது. உங்களுக்கு 10,000 டிவிடெண்ட் வந்து 60,000 வட்டி கட்டியிருந்தால், அதிகபட்சம் 2,000. அந்த 20-ம் இந்த வருடம் உண்டா என்று ஆடிட்டரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். மூலதன ஆதாயத்தில் வட்டியைக் கழிப்பது வழக்குக்குப் போகிற விஷயம், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஆக, வட்டி முழுவதும் உங்கள் செலவு. லாபத்துக்கோ வரி உண்டு: ஒரு வருடத்துக்குள் விற்றால் 20 சதவிகிதம், அதற்கு மேல் வைத்திருந்தால் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட ஆதாயத்துக்கு 12.5 சதவிகிதம்.

கடன் வாங்காமல் நிஃப்டி ஃபியூச்சர்ஸ் வாங்கினால் வட்டியே இல்லையே?
– வாசகர், சேலம்

ஃபியூச்சர்ஸ் என்பது பின்னொரு தேதிக்கான ஒப்பந்தம், வட்டி அதன் விலைக்குள்ளேயே இருக்கிறது. இன்றைய சந்தை விலையான ஸ்பாட்டைவிட ஃபியூச்சர்ஸ் பொதுவாகச் சற்றுக் கூடுதலாக இருப்பது அதனால்தான். செபி 2024 நவம்பர் முதல் புதிய ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சமாக்கியது. ஒரு லாட் (குறைந்தபட்ச ஒப்பந்த அளவு) வாங்கினாலே சுமார் 15 லட்சத்துக்குப் பங்கு வாங்கியதற்குச் சமம். 3 சதவிகிதம் விழும் ஒரு நாளில் 45,000 ரூபாய் அன்றிரவே கணக்கிலிருந்து போகும், ரொக்கமாக. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்டு ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவிகிதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று செபியே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது. வேண்டாம்.

தெரிந்தவரிடம் மூன்று வட்டிக்கு 4 லட்சம் வாங்கி ஒரே சிறிய கம்பெனிப் பங்கில் போட்டேன். எட்டு மாதம் ஆகிறது. இன்றைய மதிப்பு 1.9 லட்சம். மாதம் 12,000 வட்டி கட்டி வருகிறேன். விற்றால் நஷ்டம் உறுதியாகிவிடும் என்பதால் காத்திருக்கிறேன். இன்னொரு லட்சம் வாங்கி ஆவரேஜ் செய்யலாமா?
– கடைக்காரர், திருநெல்வேலி

ஆவரேஜ் என்ற பேச்சே வேண்டாம். நஷ்டம் ஏற்கெனவே ஆகிவிட்டது, விற்காததால் அது மறைந்திருக்கிறது, அவ்வளவுதான். இதுவரை வட்டியாக மட்டும் 96,000 போயிருக்கிறது.

மூன்று வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவிகிதம். கேள்வியை இப்படித் திருப்பிக் கேளுங்கள்: ‘இன்று கையில் 1.9 லட்சம் ரொக்கம் இருந்தால், 36 சதவிகிதக் கடனை அடைப்பேனா, இந்தப் பங்கை வாங்குவேனா?’ விற்றுக் கடனில் கட்டினால் மாத வட்டி அன்றைக்கே 5,700 ரூபாய் குறையும். இந்தப் பங்கு வருடத்துக்கு 36 சதவிகிதம் ஏறினால்கூட உங்களுக்குச் சரிக்குச் சரிதான். நீங்கள் போட்ட 4 லட்சம் திரும்ப வர அது இன்னும் 110 சதவிகிதம் ஏற வேண்டும். ஒரு வருடம் காத்திருக்க 1,44,000 ரூபாய் வட்டி.

வரிசை இப்படி இருக்கட்டும். வாங்க ஆள் குறைவான சிறிய பங்கு என்றால் கிடைத்த விலைக்கு விற்கும் மார்க்கெட் ஆர்டரில் மொத்தத்தையும் ஒரே தடவையில் தள்ளாதீர்கள், நீங்கள் விலை குறிக்கும் லிமிட் ஆர்டரில் இரண்டு மூன்று நாளாகப் பிரித்து விற்றுவிடுங்கள். பணம் வந்த அன்றே அசலில் கட்டுங்கள். கட்டியதை எழுதி வாங்குங்கள். முடிந்தால் வங்கி வழியாகவே அனுப்புங்கள், ரொக்கமாகக் கொடுத்தால் நாளைக்குச் சாட்சி இருக்காது. மிச்சம் 2.1 லட்சத்துக்கு வீட்டில் நகை இருந்தால் இங்கேதான் நகைக்கடன் உதவும். 10 சதவிகிதக் கடனை வாங்கி 36 சதவிகிதக் கடனை முழுக்க மூடினால் மாத வட்டி 6,300-லிருந்து 1,750 ஆகும். இப்போது மாதம் 12,000 கட்டிப் பழகியிருக்கிறீர்கள். அதையே தொடர்ந்து கட்டினால் சுமார் இருபது மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். மொத்தமாகக் கட்டும் வகை வேண்டாம், இடையிடையே அசலில் கட்ட விடும் நகைக்கடனாகக் கேட்டு வாங்குங்கள்.

2.1 லட்சம் குறுகிய கால மூலதன நஷ்டம். ஒரு வருடம் முடிவதற்குள் விற்றால் குறுகிய கால, நீண்ட கால ஆதாயம் இரண்டிலும் அதைக் கழிக்கலாம். பன்னிரண்டு மாதத்தைத் தாண்டிவிட்டால் நீண்ட கால ஆதாயத்தில் மட்டும்தான் கழிக்க முடியும். உங்களுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. கழிக்காமல் மிஞ்சும் நஷ்டத்தை எட்டு வருடம் வரை தூக்கிச் செல்லலாம், ஆனால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான்.

கடன் கொடுத்தவர் வெற்றுப் பத்திரத்திலோ தேதி போடாத காசோலையிலோ கையெழுத்து வாங்கியிருந்தால், கணக்கு முடியும் நாளில் அவற்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள். மிரட்டல் என்று வந்தால் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, காவல் நிலையத்திலோ மாவட்ட ஆட்சியரிடமோ மனு கொடுக்கலாம்.